கிழமைக்கு ஒரு நெல்

என் வலக்கை முறிந்ததற்குக் காரணம் ஓர் ஆடு. அது என்னை முட்டவில்லை. நான்தான் அதைத் துரத்தினேன்.

நெடுந்தீவில் எங்கள் காணிகளுக்கு வேலி என்பது முருகைக்கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுதான். உள்ளே போகிற படலை வளவின் மறுகோடியில் இருந்தது. வேலிக்கு அப்பால் நான் நட்டிருந்த மிளகாய்க் கன்றுகளை அந்த ஆடு ஒவ்வொன்றாக மொட்டையடித்துக்கொண்டு நின்றபோது, படலையால் சுற்றிப் போகும் பொறுமை எனக்கு வரவில்லை. அறுபத்திரண்டு வயதில் கல்வேலிமேல் ஏறினேன். வேலி என்னையும் கொண்டு சரிந்தது. மேற்கை எலும்பு நடுவில் முறிந்துவிட்டது. ஆடு கொஞ்சம் விலகி நின்று மிச்சக் கன்றுகளையும் தின்றது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் கணவர் அன்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே எனக்குக் கேட்டது.

படகிலும் பிறகு அம்புலன்சிலும் யாழ்ப்பாணம் கொண்டுபோனார்கள். எலும்பு தானாகப் பொருந்திவிடும் என்று டொக்டர் சொன்னார். இளம் பெண், அவசரமில்லாமல் பேசுகிறவர். எலும்பைவிட என் மணிக்கட்டைத்தான் அவர் கூடக் கவனித்தார். அதைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கினேன். அதாவது, தூக்க நினைத்தேன். கை கொடியில் காயப்போட்ட ஈரத்துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. அது என்னுடைய கை என்பதே அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"எலும்பை ஒட்டிப் போற நரம்பு அம்மா. நசிஞ்சிருக்கோ அறுந்திருக்கோ எண்டு இப்ப சொல்லேலாது. நாலு மாதம் பாப்பம். அதுக்குள்ள கை எழும்பாட்டி ஒப்பரேசன்தான்."

ஒப்பரேசன் என்றால் உள்ளங்கைப் பக்கத்துத் தசைநார் ஒன்றை எடுத்துப் புறங்கைப் பக்கத்தில் பொருத்துவது. ஓரளவு வேலை செய்யும், ஆனால் பழைய கை திரும்பி வராது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். நான் அழவில்லை. அந்த வாட்டில் அழுவதற்கு வசதியான இடமும் இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு சின்ன வேலை செய்து பார்க்கலாம். மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு கையை இறுக்கிப் பொத்திப் பாருங்கள். பிடி வராது. மணிக்கட்டு நிமிர்ந்தால்தான் விரலுக்குப் பலம். அதனால் தேத்தண்ணிக் கோப்பை தூக்க முடியாது. தேங்காய் துருவ முடியாது. சோறு குழைத்து வாய்க்குக் கொண்டுபோக முடியாது. கணவர் குழைத்துத் தரட்டோ என்று கேட்டார். நான் குழந்தைப்பிள்ளையா என்று எரிந்து விழுந்தேன். இடக்கையில் கரண்டியோடு, சோற்றைத் தட்டைச் சுற்றித் துரத்தித் துரத்தித் தின்றேன். எனக்கு என் கை வேண்டும். என் கையால் என் சோற்றைத் தின்ன வேண்டும். அந்த நாலு மாதமும் எனக்கு வேறு ஆசை ஒன்றுமே இருக்கவில்லை.

இதில் ஒரு வெட்கக்கேடும் உண்டு. ஓய்வு பெறும்வரை முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள் நான். நரம்பு என்றால் கம்பி என்று படிப்பித்தேன். கணத்தாக்கம் என்கிற மின்துடிப்பு ஒரு பக்கத்தால் ஏறும், மறுபக்கத்தால் இறங்கும், தசை சுருங்கும், அவ்வளவுதான். கரும்பலகையில் மின்கம்பம்கூடக் கீறிக் காட்டியிருக்கிறேன். ஒருமுறை பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, அவ்வளவு நீளமான இழையின் அந்தத் தொங்கல் முனைக்கு யார் ரீச்சர் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறது என்று கேட்டாள். அது சோதனைக்கு வராது என்று சொல்லி இருத்திவிட்டேன்.

எனக்கு அந்தக் கேள்வி திரும்பி வந்தது மாவிலித்துறையில், படகைத் தவறவிட்ட ஒரு காலையில்.

எங்கள் இறங்குதுறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. படகுக்கு நேரம் உண்டு, ஆனால் அது மணிக்கூட்டை மட்டும் பார்த்துப் புறப்படாது. கயிறு கழற்றிய பிறகும் படகோட்டி ஒருதரம் திரும்பித் தெருவைப் பார்ப்பார். தூரத்தில் ஓடி வருகிறவர் கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினால், நில் என்று அர்த்தம். படகு நிற்கும். யாரையோ ஏற்றிவிட வந்தவர், அல்லது ஒரு பார்சலைக் கொடுத்துவிட வந்தவர், தூக்கிய கையை மணிக்கட்டில் தொங்கவிட்டு முன்னும் பின்னும் ஆட்டினால், எல்லாம் சரி, போ என்று அர்த்தம். படகு போகும். இயந்திரச் சத்தத்தில் குரல் கேட்காது. கை சொல்வதுதான் பேச்சு.

கை முறிந்த ஆறாம் கிழமை, கிளினிக்குக்குப் புறப்பட்டபோது பிந்திவிட்டது. மணிக்கட்டை நிமிர்த்தி வைக்க ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்ரிக் தாங்கி தந்திருந்தார்கள். தெருவில் காண்கிறவர்கள் எல்லாரும் விசாரிப்பார்கள் என்று அதைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தேன். கயிறு கழற்றுவது தெரிந்ததும், இடக்கையில் பையோடு, எலும்பு நோவெடுக்க எடுக்க வலக்கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு ஓடினேன். படகோட்டி என்னை நன்றாகப் பார்த்தார். தலையாட்டினார். படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

துறையில் நின்று வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். என்னிடம் படித்த பிள்ளைகள் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பார்கள். அடுத்த நாள் அவரைப் பிடித்தபோது பாவம் அவர் திகைத்துப்போனார்.

"நீங்கள்தானே ரீச்சர் போகச் சொல்லிக் கை காட்டினனீங்கள்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் நில் என்று கத்திக்கொண்டு ஓட, என் கை முழங்கைக்கு மேலே தொங்கி ஆடி, போ, போ என்று சொல்லியிருக்கிறது. வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்று அழுதேன். கை செத்ததுகூடப் பரவாயில்லை, எனக்கு மாறாகப் பேசத் தொடங்கிவிட்டதே என்றிருந்தது. கணவர் வாசலில் நின்று, அடுத்தமுறை தான் கூடவந்து கை காட்டுவதாகச் சொன்னார். அதற்கும் ஏச்சு வாங்கினார்.

ஆனால் படகைத் தவறவிட்ட அந்தக் காலையில், திட்டி முடிந்தபின், வீட்டுக்குத் திரும்ப மனம் வராமல் துறைக் கற்கட்டிலேயே குந்தியிருந்தேன். எதிர்க்கரைக் குறிகட்டுவானிலிருந்து வந்த படகு ஒன்று சாமான் இறக்கியது. அரிசிமூட்டை, காஸ் சிலிண்டர், கோழித்தீன், ஒரு மின்விசிறி, வெங்காயம், மருந்துப் பெட்டி. எங்கள் தீவில் ஊசிமுனை தொடக்கம் சீமெந்து வரைக்கும் கடலால்தான் வரவேண்டும். திரும்பும் படகில் வெறும் சிலிண்டர், மீன்பெட்டி, பழுதான தண்ணீர்ப் பம்பி, யாரோ யாருக்கோ எழுதிய துண்டு எல்லாம் ஏறின. அந்தத் துண்டு போனால்தான் அடுத்த முறை எந்தச் சாமான் வரவேண்டும் என்று அங்கே தெரியும். துறை முழுக்கச் சத்தம், ஏற்றுவதும் இறக்குவதும்.

அந்தப் பிள்ளையின் கேள்வி சும்மா வந்து முன்னால் நின்றது. அந்தத் தொங்கலுக்கு யார் கொண்டுபோய்க் கொடுக்கிறது?

துறையடியில் சிக்னல் நன்றாக வரும். இடக்கைப் பெருவிரலால் தட்டித் தட்டித் தேடினேன். முப்பது வருடம் படிப்பித்தவள், அந்தக் கற்கட்டில் இருந்து ஒரு மணித்தியாலத்தில் படித்ததைப்போல முன்பு படித்ததில்லை.

என் கையை ஆட்டுகிற நரம்புக்கலத்தின் உடல் கையில் இல்லை. அது கழுத்தடியில், முதுகெலும்புக்குள்ளால் ஓடும் முண்ணாணில் இருக்கிறது. புரதங்களில் பெரும்பங்கைச் செய்கிற பட்டறை அங்கேதான். அங்கிருந்து ஒரு இழை, கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு, கை நீளத்துக்கு ஓடுகிறது. அந்த இழைக்குள் நுண்குழாய்கள் தண்டவாளம்போலப் போட்டிருக்கின்றன. அதன்மேல் கைனீசின் என்றொரு புரதம் நடக்கிறது. நடக்கிறது என்று சும்மா சொல்லவில்லை. அதற்கு இரண்டு கால்கள் உண்டு. ஒரு காலைப் பதித்து, மற்றதைத் தூக்கி முன்னால் வைத்து, முதுகில் தன்னைவிடப் பலமடங்கு பெரிய பொதியைக் கட்டிக்கொண்டு, ஓர் அடிக்கு ஒரு சக்தித் துணுக்கைச் செலவழித்துப் போகிறது. ஒரு மில்லிமீற்றர் போவதற்கு இலட்சத்துக்கு மேலே அடி வைக்க வேண்டும். திரையில் ஓடிய அந்தச் சித்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அது போகிற வழி. வருகிற வழிக்கு இன்னொன்று, டைனீன். இது பெரிய உடம்புக்காரர். தள்ளாடும், பக்கவாட்டில் கால் வைக்கும், சிலவேளை பின்னடிக்கும், ஆனாலும் வந்து சேரும். தொங்கலில் இருந்து பழசு, பழுது, செய்தி எல்லாவற்றையும் உடலுக்குக் கொண்டுவருவது அதுதான். நான் ஆட்டைத் திட்டிக்கொண்டு படகில் கிடந்தபோது, இஞ்சை நசிஞ்சுபோச்சு என்ற சேதியைச் சுமந்துகொண்டு அது என் தோளுக்குள்ளால் கழுத்தை நோக்கி நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஒன்றிரண்டு நாளில் சேதி போய்ச் சேர்ந்திருக்கும். சேதி கிடைத்ததும் பட்டறை வேலையை மாற்றுகிறது. வழக்கமான சாமானை விட்டுவிட்டு, திருத்த வேலைக்கு வேண்டியதைச் செய்யத் தொடங்குகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு இப்படியொரு கூட்டம் வேலை செய்வதே தெரியாது. நரம்பைக் கம்பி என்று சொன்ன வாயை அன்று நானே அடித்திருக்க வேண்டும். கம்பி அறுந்தால் அறுந்ததுதான். அது தன்னைத் தானே திருத்தாது.

அடுத்த கிழமை ஒழுங்காக நேரத்துக்குப் படகேறினேன். டொக்டர் என் மேற்கையை முறிவிலிருந்து கீழே விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். முறிவுக்கு மூன்று விரல் கீழே ஓரிடத்தில் தட்டியதும், உணர்ச்சி செத்துக் கிடந்த பெருவிரல் பக்கத்துக்குச் சுரீரென்று பாய்ந்தது. வளர்கிற நுனி அந்த இடத்தில் நிற்கிறதாம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் போகும் என்றார். நல்ல அறிகுறிதான், ஆனால் நுனி தசைக்குப் போய்ச் சேர வேண்டும், வழியில் தழும்பு மறித்தால் நின்றுவிடும் என்றும் சொன்னார்.

இதை வீட்டில் கணவரிடம் சொன்னேன். இரண்டு பசுவும் கொஞ்சப் பனையும் பார்க்கிற மனிதர், சொல்லைச் செலவழிக்க விரும்பாதவர். எழும்பிப் போய், நிறைகுடம் வைக்கும்போது பரப்பவென்று அலுமாரிக்குள் வைத்திருந்த நெல்லில் ஒரு பிடி கொண்டுவந்தார். என் கையை மேசையில் நீட்டி வைத்து, டொக்டர் பேனையால் போட்ட புள்ளியிலிருந்து முழங்கைக்குச் சற்று மேலே, அவர் காட்டிய தசை வரைக்கும், நெல்லை நுனியோடு நுனி முட்ட வரிசையாக வைத்தார். பத்து நெல் பிடித்தது.

"கிழமைக்கு ஒரு நெல்," என்றார்.

ஏழு நாளைக்கு ஏழு மில்லிமீற்றர். சரியாக ஒரு நெல்லின் நீளம். உயிரியல் படித்த நான் அடிமட்டம் தேடிக்கொண்டிருக்க, அவர் அளந்தே முடித்துவிட்டார். அந்தப் பத்து நெல்லையும் யன்னல் கட்டின்மேல் அடுக்கி வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் நான் குளித்து வந்ததும் தட்டிப் பார்ப்பேன். சுரீரென்ற இடம் கீழே நகர்ந்திருக்கும். அவர் புதுப்புள்ளி போட்டு, ஒரு நெல்லை எடுத்துக் கோழிக்கு எறிவார்.

ஏன் இவ்வளவு மெதுவு என்று எனக்கு எரிச்சல். கைனீசின் ஓடுகிற ஓட்டத்துக்கு ஒரு நாளிலேயே கை முழுக்கப் போய்விடலாமே. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவசரச் சாமான்கள் அப்படித்தான் பறக்கின்றன. ஆனால் இழையை நீட்டுவதற்கான கட்டுமானப் பொருள் வேறு விதமாகப் போகிறதாம். ஓடும்போது வேகந்தான், ஆனால் நிற்கிற நேரம் கூட. குறிகட்டுவானில் இருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸும் அப்படித்தான். புங்குடுதீவில் ஒருவர், வேலணையில் ஒருவர், மண்கும்பானில் தேங்காய்மூட்டையோடு ஒருவர் என்று நின்று நின்று போகும். அந்த பஸ்ஸை எத்தனை தரம் ஏசியிருப்பேன். ஆனால் ஒருநாளும் அது யாழ்ப்பாணம் போய்ச் சேராமல் விட்டதில்லை. எறும்பூரக் கல்லும் தேயும் என்பதை படிக்கச் சோம்பிய எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருக்கிறேன். அது எனக்குள்ளேயே நடக்கும் என்று நினைத்ததில்லை. கிழவியின் கைதானே, விட்டுவிடுவோம் என்று அந்தப் புரதங்கள் நினைக்கவில்லை. நித்திரையில்கூட நிற்கவில்லை. அவற்றைக் கண்ணால் காண முடியாது, காண முடிந்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

ஏழு நெல் போனது. மூன்று மிஞ்சியது. எட்டாம் வெள்ளி தட்டிப் பார்த்தேன். சுரீர் இல்லை. மேலே தட்டினேன், கீழே தட்டினேன். ஒரு மந்தமான கூச்சம் எங்கோ உள்ளே தெரிந்தது, இடம் பிடிபடவில்லை. அடுத்த வெள்ளியும் அதேதான். கணவர் பேனையை மூடியபடியே பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று நெல்லும் யன்னல் கட்டிலேயே கிடந்தன.

தழும்பு மறித்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பயந்துபோனேன். பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். மணிக்கட்டைத் தூக்கிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். மேசை விளிம்பில் கையை வைத்துச் செய்யச் சொன்ன பயிற்சியை மட்டும் இடக்கையால் தூக்கித் தூக்கிச் செய்தேன், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு.

"ஒருக்கா தூக்கிப் பாருமன்," என்று கணவர் ஒருநாள் சொன்னார்.

"பாக்கமாட்டன். எழும்பாட்டி நீங்களோ வந்து பதில் சொல்லப்போறியள்?" என்றேன்.

அவர் பசுவுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

நாலாம் மாதக் கிளினிக்குக்கு நாள் வந்தது. அன்று ஒப்பரேசன் பற்றி முடிவு சொல்வார்கள். கூட வரட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்றேன். புறப்படுகிற நேரம் பார்த்து அதே ஆடு திரும்பவும் மிளகாய்க்குள். இந்தமுறை வேலியில் ஏறவில்லை. படலையால் சுற்றிப் போய்த் துரத்தினேன். அதனால் பிந்திவிட்டது. புத்தி வந்தாலும் நட்டம்தான்.

துறைத் தெருவில் திரும்பும்போது கயிறு கழன்றுவிட்டது. படகு கட்டிலிருந்து விலகத் தொடங்கியிருந்தது. தாங்கி வழக்கம்போலப் பைக்குள். பை இடக்கையில். யோசிக்க நேரமில்லை. ஓடிக்கொண்டே வலக்கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் போன முறை நடந்தது ஞாபகம் வந்தது. இந்தப் படகும் போய்விட்டது என்று நினைத்து, ஓட்டத்தை விட்டு நடக்கத் தொடங்கிவிட்டேன்.

படகு நின்றது. இயந்திரச் சத்தம் தணிந்தது. படகோட்டி பின்னுக்கு எடுத்து, பக்கத்தைக் கட்டோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கதை தெரிந்தவர், இரக்கப்பட்டு நிறுத்தியிருக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. இறங்கி உள்ளே அமர்ந்ததும் அதைக் கேட்டேவிட்டேன்.

"என்னைக் கண்டுதானே தம்பி நிப்பாட்டினனீர்?"

"இல்லை ரீச்சர். வெய்யில் கண்ணுக்க அடிச்சுது. ஆள் ஆரெண்டு தெரியேல்லை," என்றார். "கைதான் தெரிஞ்சுது. நில் எண்டு காட்டின கை."

நான் என் மடியைப் பார்த்தேன். நாள்கணக்காகப் பார்க்காமல் விட்ட கை அங்கே கிடந்தது. தூக்கினேன். மணிக்கட்டு எழும்பியது. முழுதாக அல்ல, பாதிக்கும் கொஞ்சம் கூட. நடுங்கியது, விழுந்தது. திரும்பத் தூக்கினேன், திரும்ப எழும்பியது. தழும்பு மறிக்கவில்லை. நுனி தசைக்குள் இறங்கி, விரலுக்கு எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கிறது. அதைத்தான் நான் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நாள்களிலும் அவை பொதியோடு நடந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. படகில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க வாய்விட்டு அழுதேன்.

சிக்னல் போவதற்கு முன் வீட்டுக்குக் கோல் எடுத்தேன். யன்னல் கட்டில் கிடக்கிற மூன்று நெல்லையும் கோழிக்குப் போடச் சொன்னேன்.



"ஃபோனை எந்தக் கையால பிடிச்சிருக்கிறீர்?" என்று கேட்டார்.

இடக்கையால்தான் என்றேன். அவர் ம் என்றார். அந்த ம் எவ்வளவு கீழே இறங்கியது என்பது எனக்குக் கேட்டது. அதனால் மிச்சத்தையும் சொன்னேன். கடல் அடிக்கிறது, வலக்கையால் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று.